கைகள் தாண்டிய வரிகள்

அந்தப் பகுதி வரும்போதெல்லாம் அவள் கைகள் பொய் சொல்லின.

சபையில் தங்கள் புனித நூலை ஆண்டுக்கு ஒருமுறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடிப்பார்கள். வாரா வாரம் விடுமுறை நாள் காலையில் யாராவது ஒருவர் மைக்கின் முன் நின்று அன்றைய பங்கை வாசிப்பார். அவள் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மைக்குக்கு முதுகைக் காட்டி, வெல்டருக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். காதில் விழுவதைக் கைகளால் சொல்வாள். வெல்டருக்குப் பிறவியிலேயே காது கேளாது. கிரில் கதவு செய்யும் பட்டறையில் வேலை. அவளைவிட நாலைந்து வயது சின்னவன். கூப்பிட்டால் திரும்பாத ஆளுக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, சபையில் எல்லோருக்கும் அவன் வெல்டர் தம்பிதான். அவளும் அங்கே கண்ணாடிக்கடை அக்காதான்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன், வெக்கை தாங்காமல் ஆளாளுக்கு நாற்காலியை விசிறிக்கு அடியில் இழுத்துக்கொள்ளும் நாட்களில் அந்தப் பகுதி வரும். 'கேட்டவனே அறிந்தவன், அறிந்தவனே வாக்குக் கொடுக்கத் தக்கவன். செவி அடைந்தவன் வாசலுக்கு வெளியே நிற்பவன். அவன் வாக்கு வாக்காகாது.' முதல்முறை அதைக் கேட்டபோது அவள் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. வெல்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் வயல் என்று காட்டினாள். பிறகு மழை என்று காட்டினாள். ஓர் ஆள் வரப்பில் நடந்து போகிறான், மழை பெய்கிறது, பயிர் தலையாட்டுகிறது. வாசிப்பவர் அடுத்த பகுதிக்குப் போகும்வரை அந்த ஆளை வரப்பிலேயே நடக்கவிட்டாள். அடுத்த ஆண்டும் அதே வயல், அதே மழை. அதற்கடுத்த ஆண்டு ஒரு மாட்டையும் சேர்த்துக்கொண்டாள்.

நம்பிக்கை அவளை அங்கே கொண்டுவரவில்லை.

அவள் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேளாது. வீட்டில் கைதான் பேசும். அவள் முதன்முதலில் சொன்ன சொல்லே கையால் சொன்னதுதான் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். வாய்ப்பேச்சைப் பக்கத்து வீட்டிலும் ரேடியோவிலுமாகக் கற்றுக்கொண்டதால், செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார். கல்யாணம் ஒன்று நடந்து, ஒட்டாமல் முடிந்து, அம்மாவிடமே திரும்பி வந்தாள். பிறகு அம்மாவும் போனாள்.

அம்மா போனதால் வீட்டில் சத்தம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அங்கே என்றைக்கு இருந்தது சத்தம்? கண்ணாடிக் கடையில் அவள் நாள் முழுக்கப் பேசினாள். மேல பாருங்க, கீழ இருக்கிறதைப் படிங்க, மூக்குல அழுத்துதா, காது பின்னாடி உறுத்துதா. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்தும்போது கைகளுக்கும் வேலை இருந்தது. வீட்டுக்கு வந்தால்தான் அந்தக் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின. அம்மா அவளுக்கு வைத்த பெயர், சுண்டுவிரலால் கன்னத்தை ஒருமுறை தொடுவது. அந்தப் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட உலகத்தில் இனி ஆளில்லை என்பது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்கு உறைத்தது. பால் வழிந்து அடுப்பு தானாக அணையும்வரை அப்படியே நின்றாள்.

வெல்டர் கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கண்ணில் பொறி பட்டுப்பட்டுப் பார்வை மங்கியிருந்தது. கையில் மருத்துவர் எழுதிக் கொடுத்த பவர் சீட்டு. ஃபிரேம் வேண்டும் என்று அவன் வாயையும் கையையும் வைத்துப் போராடத் தொடங்கியபோது, அவள் யோசிக்காமல் கையாலேயே, உட்கார், நிதானமாகச் சொல், என்றாள். அவன் முகம் மாறிய விதத்தை அவள் அதற்குப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஊர் பேர் தெரியாத ரயில் நிலையத்தில் சொந்தக்காரரைப் பார்த்தவன் மாதிரி இருந்தான்.

கைப்பேச்சில் நீ, நீங்கள் என்ற பேதமெல்லாம் கிடையாது. விரலை நீட்டினால் எல்லோரும் நீதான். அன்றே அவர்கள் பழகிவிட்டார்கள். அவன் அவளுக்குக் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டுக் கண்ணாடி என்று பெயர் வைத்தான்.

"நான் ஒரு சபைக்குப் போறேன்," என்றான் அவன் கைகளால். "தலைவர் நல்ல மனுஷர். ஆனா தாடி. உதடு எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ள பிரசங்கம் முடிஞ்சிடுது. நீ வந்து சொல்றியா?"

அவள் போனாள். வாரத்தில் ஒரு காலை முழுக்கக் கைகளால் பேசலாம், கூட்டம் முடிந்தபின் தெருமுனையில் நின்று இன்னும் கொஞ்சம் பேசலாம் என்பதுதான் அவள் கணக்கு. அவனுடைய கணக்கும் அதுவேதான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

சபை ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே காற்று நிரப்பும் எந்திரம் திடீர் திடீரென்று சீறும். படிக்கட்டு முழுக்க ரப்பர் வாசனை. அங்கே முதல் சில மாதங்களில் அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. 'மாடிமேல் மாடி எழுப்பாதே' என்ற பகுதியை இரண்டாவது மாடியில் உட்கார்ந்து பயபக்தியோடு கேட்டார்கள். வாசித்தவர் வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். ஊரில் பாதி மாடிகள் அவர் எழுப்பியவை. பெண்கள் கூட்டத்தில் குரலை உயர்த்தக் கூடாது என்ற பகுதி பள்ளிக்கூட டீச்சரின் பங்கில் வந்தபோது, டீச்சர் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று மைக்கின் சத்தத்தைக் கூட்டிவைத்து வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. வெல்டருக்கு இதைச் சொன்னபோது அவன் தோள் குலுங்கியது. ஆனால் உடனே, "அதையெல்லாம் பெரிசா எடுத்துக்காதே," என்று கை காட்டிவிட்டு மைக்கின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தலைவர் மருந்துக்கடை வைத்திருந்தார். இந்தச் சபையில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. மூத்தவர்களில் ஒருவர் தலைவராக இருப்பார். ஒருநாள் கூட்டம் முடியும் நேரத்தில் வெல்டர் எழுந்து நின்றான். அவளைப் பார்த்துக் கையசைத்தான். அவன் சொல்வதை அவள் வாயால் சொல்ல வேண்டும்.

"நான் வாக்குக் கொடுக்க விரும்புறேன்," என்றாள் அவள்.

வாக்குக் கொடுத்தால்தான் சபையில் முழு உறுப்பினர். அதுவரை விருந்தாளி. அதிலே இன்னொரு விஷயமும் இருந்தது. வேறொரு ஊரில் இதே சபையைச் சேர்ந்த ஒரு பெண், அவளுக்கும் காது கேளாது. போனில் முகம் பார்த்துப் பேசிப் பழகி இருவருக்கும் பிடித்துவிட்டது. பெண் வீட்டில் சம்மதம்தான், ஆனால் மாப்பிள்ளை வாக்குக் கொடுத்தவனாக இருக்க வேண்டும் என்றார்கள். இதை வெல்டர் கண்ணாடிக்கடை அக்காவிடம் ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தான். அவள் சந்தோஷம் என்று காட்டினாள். சந்தோஷம் என்பதற்கு இரண்டு கைகளும் வேண்டும். அவள் ஒரு கையால் காட்டினாள். மறு கையில் ஃபிரேம் இருந்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தலைவர் தாடியைத் தடவினார். "உக்காந்து பேசுவோம்," என்றார்.

வாரத்தின் நடுவில் ஒரு மதியம் கூடினார்கள். தலைவர், காண்ட்ராக்டர், டீச்சர், வெல்டர், அவள். காலியான கூடத்தில் ஐந்து நாற்காலிகளை மட்டும் வட்டமாகப் போட்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் நூலைத் திறந்து, குரலைத் தணித்து, அந்தப் பகுதியை வாசித்தார்.

அவள் கைகளைத் தூக்கினாள். பழக்கதோஷத்தில் வலது கை வயலை விரிக்கத் தொடங்கிவிட்டது. வெல்டர் கையை நீட்டி அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்தான். விட்டுவிட்டு, "தெரியும்," என்றான். "எனக்குப் படிக்கத் தெரியும். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவன் பவர் சீட்டைப் படித்ததைப் பார்த்திருக்கிறாள். டீக்கடையில் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படிப்பதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் நூலைத் தானே வாங்கி வைத்துப் படித்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் கைகள் இல்லாமல் அது அவனுக்குப் போய்ச் சேராது என்று நினைத்திருந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"முதல் வருஷத்துலேர்ந்து. நீ வரதுக்கு முன்னாடியே." அவன் கண்ணில் குறும்பு இருந்தது. "வருஷா வருஷம் அந்த ஆள் வரப்புல நடந்து போவான். நல்லா இருக்கும். மாடு வந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது."

அவள் கைகளை மடியில் இறக்கினாள்.

"என்ன சொல்றாரு தம்பி?" என்று டீச்சர் கேட்டார்.

"அவருக்கு அந்தப் பகுதி தெரியுமாம்," என்றாள் அவள்.

பிறகு பேச்சு தொடங்கியது. டீச்சர் வெல்டர் பக்கம். "இது எழுதின காலத்துல காது கேக்காத பிள்ளைக்கு எழுத்து சொல்லித்தர ஆள் கிடையாது. இப்ப இருக்கு. கேக்காதவன் அறிய மாட்டான்னு இன்னிக்கு யாராவது சொல்ல முடியுமா?"

"அப்ப எழுதினவங்களுக்கு விவரம் பத்தலைன்னு சொல்றீங்க," என்றார் காண்ட்ராக்டர். "இது மேலேர்ந்து வந்ததுன்னுதானே நாம இத்தனை நாளா சொல்லிட்டு இருக்கோம்?"

"நாம இப்ப எத்தனாவது மாடியில உக்காந்திருக்கோம்?"

காண்ட்ராக்டருக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கேள்வியை அவர் தனக்குள் முன்பே கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். "அது பெருமைக்காகக் கட்டுறவனுக்குச் சொன்னதுன்னு எங்கப்பா சொல்வாரு. நானும் அப்படித்தான் சொல்லிக்கிறேன். சரியா தப்பான்னு கேட்டா எனக்குத் தெரியாது டீச்சர். ஆனா ஒண்ணு. எங்கப்பா இந்த நூலுக்காகக் கூடப்பொறந்தவங்களையே விட்டுட்டு வந்தவரு. எனக்குப் பிடிக்காததை ஒவ்வொண்ணா எடுத்துட்டே வந்தா, கடைசியில கையில மிஞ்சுறது என்னோட பிடித்தம் மட்டும்தான். அதுக்கு நூல் எதுக்கு? கண்ணாடி பார்த்துக்கிட்டாப் போதுமே."

அவள் எல்லாவற்றையும் வெல்டருக்குச் சொன்னாள். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. கீழே காற்று எந்திரம் சீறி அடங்கியது. வெல்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைகளைத் தூக்கினான். அவள் வாயால் சொன்னாள்.

"எனக்கு இந்த நூல் வேணும். அந்த வரி இருக்கிற நூல்தான் இது, அதைக் கிழிச்சிட்டுத் தர வேண்டாம். பஸ் ஸ்டாப்புல நிக்கிறோம். நம்ம ஊருக்குப் போகாத பஸ்ஸும் வரும். அதைப் போக விட்டுட்டு நிக்கணும். ஸ்டாப்பை விட்டே போயிடக் கூடாது. நான் இங்கதான் நிக்கிறேன். எனக்கான வரி தினமும் வருது."

சொல்லி முடித்தபோது அவளுக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது. எனக்கு இந்த நூல் வேணும் என்று சொன்னது அவள் குரல். கூடத்தில் அந்தக் குரல்தான் கேட்டது.

தலைவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். நூலைத் தன் பக்கம் இழுத்து, பின்பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். 'தொலைவில் இருப்பவனின் வாக்கைத் தூதன் சுமக்கலாம். தூதன் வாக்குக் கொடுத்தவனாய் இருக்கட்டும்.' படகிலும் பாலைவனத்திலும் போனவர்களுக்காகச் சொன்னது.

"தம்பி தொலைவுல இல்லையே," என்றார் காண்ட்ராக்டர்.

"இல்லையா?" என்றார் தலைவர்.

காண்ட்ராக்டர் வெல்டரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை மட்டும் அசைத்தார். அதன்பின் நான்கு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். வெல்டரின் குரல் அவள்தானே. அவள் முதலில் வாக்குக் கொடுத்துவிட்டால், அவனுடையதைச் சுமக்கலாம்.

அவள் வெல்டரைப் பார்க்காமல், "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். மூக்குப் பிடி கழன்றுவிட்டது என்று கண்ணாடியை நீட்டினார். கடையில் வேறு யாரும் இல்லை. அவள் சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னம்மா தயக்கம்?"

"இந்த நூலில் உள்ள யாவையும் ஏற்கிறேன்னு சொல்லணும் இல்லையா சார்?"

"ஆமா."

"வாக்குக் கொடாமல் இறந்தவர் பெயர் கடைசி நாளில் அழைக்கப்படாதுன்னு ஒரு இடத்துல வருது."

அவர் தலையசைத்தார்.

"எங்கம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அவங்களுக்குக் கேக்கவே கேக்காது சார். அது வேற. ஆனா அவங்களை யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு நான் ஒத்துக்கணுமா? என் வாயாலேயே?"

தலைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாத அவர் முகம் தூங்கி எழுந்தவர் முகம் மாதிரி இருந்தது. "என் பையன் சபையை விட்டுப் போயிட்டான், தெரியுமா?"

"தெரியாது."

"விட்டுப் போனவன் பேர் வீட்டில் ஒலிக்கலாகாதுன்னு இருக்கு. நான் தினமும் கடையைத் திறந்ததும் அவனுக்குப் போன் பண்றேன். சாப்பிட்டியான்னு கேப்பேன். அவனும் சாப்பிட்டேம்பான். அவ்வளவுதான் பேச்சு."

"அந்தப் பகுதியை ஏத்துக்க வேண்டாம்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"முடிவு ஒண்ணும் பண்ணலம்மா. யார் பண்றாங்க? அந்தப் பக்கம் வந்தா கண்ணு தானா அடுத்த வரிக்குப் போயிடுது. என் பங்குல வந்தா சத்தமா வாசிச்சிடுவேன். விடுறதில்லை. வாசிக்கும்போது எங்கோ யாரையோ சொல்றாங்கன்னு இருக்கும். வீட்டுக்குப் போனப்புறம்தான் வலிக்கும்." அவர் தாடிக்குள் சிரித்த மாதிரி இருந்தது. "காண்ட்ராக்டருக்கு மாடி. டீச்சருக்கு மைக். எனக்குப் பையன். ஒவ்வொருத்தர் தொண்டையிலேயும் ஒண்ணு சிக்கிட்டு இருக்கு. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை."

"நீங்க வாக்குக் கொடுத்தப்ப இது தெரியுமா?"

"பத்தொம்பது வயசு. பையனே கிடையாது. எல்லாத்தையும் ஏத்துக்கிறேன்னு கணீர்னு சொன்னேன்."

அவள் மூக்குப் பிடியை மாட்டி, துணியால் துடைத்து, அவரிடம் நீட்டினாள். "நான் தெரிஞ்சுக்கிட்டு சொல்லணும். அதான் முடியலை."

"தெரிஞ்சுக்கிட்டு சொல்றது கஷ்டம்தான்," என்றார் தலைவர். வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அன்று மாலையே பட்டறைக்குப் போனாள். வெல்டர் ஒரு கேட்டின் மூலையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவள் நிழல் விழுந்ததும் நிறுத்தி, முகமூடியைத் தூக்கினான். அவள் முடியாது என்பதைச் சொன்னாள். அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, "சரி," என்றான். "அது உன் பஸ் இல்லை."

"உனக்கு உதவாம போயிட்டேன்."

"வேற வழி பார்ப்போம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நம்பிக்கை இல்லாமலா இத்தனை வருஷம் வந்தே? எதுக்கு?"

"பேச," என்றாள். "உன்கிட்ட. கையால. வேற எதுக்கு? நீயும் அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டே?"

அவன் கைகள் பாதி எழுந்து இறங்கின. அவள் மனம் புண்படாத ஒரு சைகையைத் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அப்படித் தேடுகிறவர்களை அவள் சின்ன வயதிலிருந்தே அறிவாள். தானே மூன்று ஆண்டு வயலும் மழையுமாகத் தேடியவள்தானே.

"இல்லை," என்றான் கடைசியில். "நான் நூலைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். காலையில எழுந்ததும் ஒரு பக்கம் படிப்பேன். படிச்சா தனியா இருக்கிற மாதிரி இருக்காது. உன்கிட்ட பேசறது பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். ஆனா நான் சபைக்கு வந்தது நூலுக்காகத்தான்."

பட்டறைக்குள் இன்னொருவன் சாணை பிடிக்கத் தொடங்கினான். வெல்டருக்கு அந்த இரைச்சல் இல்லை. அவளுக்கு மட்டும் பல் கூசியது. சுவரோரம் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் ஒரே காரியமாக வந்திருப்பதாக நினைத்த அத்தனை காலைகளும் அவளுக்கு நினைவு வந்தன. அவன் அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால் நின்ற மைக்கை அடிக்கடி பார்ப்பான். யாராவது அழகான பெண் உட்கார்ந்திருக்கிறாளாக்கும் என்று ஒருமுறை கேலி செய்திருக்கிறாள். அங்கே நூல் இருந்தது.

"சரி," என்றாள். கிளம்பினாள்.

வழி கிடைத்தது, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து. அடுத்த வாரம் கூட்டம் முடிந்ததும் காண்ட்ராக்டர் அவளிடம் வந்தார். "தம்பிகிட்ட சொல்லுங்க. நான் சுமக்கிறேன்."

"நீங்களா?"

"வேண்டாம்னு பேசினவன்தான். இப்பவும் அந்த வரி இருக்குன்னுதான் சொல்வேன். ஆனா தூதன் பகுதியும் இருக்கே. அது நூலுக்கு வெளியிலயா இருக்கு? ராத்திரி பூரா புரட்டினேன். ரெண்டும் ஒரே கையெழுத்து." அவர் தொண்டையைச் செருமினார். "எனக்குக் குரலும் கொஞ்சம் பெரிசு. சித்தாளுங்களைக் கத்திக் கத்திப் பழக்கம்."

வாக்கு நாளன்று கூடம் நிரம்பியிருந்தது. வெல்டர் புதுச் சட்டை போட்டிருந்தான். காலரில் மடிப்பு இன்னும் போகவில்லை. காண்ட்ராக்டர் அவன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னார். அவள் முன்னால் நின்று, வரி தொடங்கும்போது வெல்டருக்குத் தலையை மட்டும் அசைத்தாள். சைகை செய்ய வேண்டியிருக்கவில்லை. வரிகளெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காண்ட்ராக்டரின் குரல் கட்டடம் அதிரும்படி போக, அவன் கைகள் அதே வரிகளைச் சொல்லிக்கொண்டு போயின. 'யாவையும்' என்ற இடத்தில் அவன் இரண்டு கைகளையும் விரித்து, கூடத்தையே அள்ளுவதுபோல வட்டமாகக் கொண்டுவந்து நெஞ்சில் வைத்தான். செவி அடைந்தவன் என்ற வரியையும் சேர்த்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டான். முன்வரிசையில் டீச்சர் மூக்கைத் துடைத்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவளுக்கும் கண் நிறைந்தது. மற்றவர்கள் வாழ்த்தச் சூழ்ந்துகொண்டபோது, அவள் ஒதுங்கித் தன் நாற்காலியை எடுத்து அடுக்கில் வைத்தாள்.

கல்யாணம் பெண்ணின் ஊரில் நடந்தது. அங்கே சபையில் காது கேளாதவர்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த வரியை அவர்கள் என்றோ தாண்டிவிட்டிருந்தார்கள். நூலை ஒருவர் கையாலேயே வாசித்தார். யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்து பார்த்தாள். அந்த ஊர்க் கைப்பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிந்தது. அம்மா சொல்லித் தந்த பல சைகைகளை அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. வெல்டர் அந்த ஊரிலேயே ஒரு பட்டறையில் வேலை தேடிக்கொண்டான்.

அதன்பின் அவள் சபைக்குப் போகவில்லை. டீச்சர் ஒருமுறை கடைக்கு வந்து கூப்பிட்டார். "சும்மா வந்து உக்காருங்க. உங்களுக்காக வாங்க." அவள் வருகிறேன் என்றாள். போகவில்லை. விடுமுறை நாள் காலைகளில் துணி துவைத்தாள். துணி சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

ஒரு புத்தகக் கடையில் நூலின் பிரதி ஒன்றைப் பார்த்து வாங்கினாள். ஏன் வாங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தாள். நல்ல இடங்கள் இருந்தன; கிணற்றடியில் அந்நியனுக்குத் தண்ணீர் கொடுக்கும் இடத்தை இரண்டு முறை படித்தாள். பெயர் அழைக்கப்படாது என்ற இடத்துக்கு வந்தபோது அவள் கண் தானாக அடுத்த வரிக்குப் போகவில்லை. அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நூலை மூடினாள். எறியவில்லை. மறுநாள் மீண்டும் அதே இடத்தில் திறந்தாள்.

வெல்டர் முதலில் வாரம் ஒருமுறை போனில் அழைத்தான். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. ஒரு மாலை அவள் கடையில் இருக்கும்போது அழைப்பு வந்தது. திரையில் அவனும் மனைவியும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி இப்போது அவளிடம் நிதானமாக, இரண்டு ஊர்ச் சைகையையும் கலந்து பேசப் பழகியிருந்தாள்.

"அங்க யார்கிட்ட பேசறே இப்ப?" என்று கேட்டாள் அந்தப் பெண். வெள்ளையாகத்தான் கேட்டாள்.

அவள் கையைத் தூக்கினாள். கடைக்கு வருகிறவர்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். "நூலைப் படிக்கிறேன்," என்றாள்.

வெல்டரின் முகம் மலர்ந்தது. "நம்பறியா?"

"இல்லை. படிக்கிறேன்."

"எந்த இடத்துல இருக்கே?"

"அதே இடத்துல."

அவன் புரிந்துகொண்டான். அப்போது ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். அவள் இருங்கள் என்று சைகை காட்டி, போனை லென்ஸ் பெட்டிகள் மீது சாய்த்து வைத்துவிட்டு அவரைக் கவனித்தாள். மேல பாருங்க சார். கீழ இருக்கிறதைப் படிங்க. அவர் பணம் கொடுத்துப் போனபின் திரும்பிப் பார்த்தாள். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அவர்கள் இருவரும் அவள் இருப்பதை மறந்து தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் போனவன் எதையோ வாங்க மறந்துவிட்டான் போலிருந்தது. மனைவி திட்டினாள், அவன் சத்தியம் செய்தான், அவள் நம்பவில்லை என்று காட்டி அவன் கையில் அடித்தாள்.

கண்ணாடிக்கடை அக்கா ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. இரண்டு ஜோடிக் கைகள் அவள் வீட்டு மொழியில் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கின.